தொண்ணூறு வினாடி

எனக்குக் கிடைத்தது நாடு அல்ல,
ஒரு கொட்டாப்புளி.
மரவேலைக் கூடத்தில் இரவல் வாங்கியது,
முனையில் இன்னும் பலாப்பலகையின் தூள்.

பிரான்ஸ் கேட்டிருந்தேன்.
பெரு என்றாலும் பரவாயில்லை என்றேன்.
"உன் குரலுக்கு மைக் தேவையில்லை,
நீதான் தவிசாளர்" என்றார் டீச்சர்.
குரல் என்னுடையதில்லை.
விடியக்காலமை திருக்கடலூர்க் கரையில்
பாரைமீன் ஏலம் கூறும் அம்மாவுடையது.

எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு நாடு
மடித்த அட்டையில், மார்க்கர் எழுத்தில்.
எனக்கு முன்னால் பதவி மட்டும்.
விதிக்கோவை, பக்கம் ஆறு:
ஒரு நாட்டுக்குத் தொண்ணூறு வினாடி.
தவிசாளருக்கு நாடு கிடையாது,
வாக்கும் கிடையாது,
அபிப்பிராயம் இருந்தால்
சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து மூடவும்.
கடைசி இரண்டு வரி விதியில் இல்லை,
நானே சேர்த்தது.

தீர்மான வரைவு: இழுவைமடிக்குத் தடை.

ஸ்பெயினாக வந்தவள் உவர்மலைப் பிள்ளை,
பல்லில் கம்பி, பேச்சில் ஒரு பிசிறில்லை.
"கடலடியை வாருவதும் ஒரு தொழில்நுட்பமே" என்றாள்.
அந்தத் தொழில்நுட்பம் அறுத்த வலை
எங்கள் வேலியில் நாலு மாதமாகத் தொங்குகிறது.
அதில் பாகல் ஏறிக் காய்த்தும் விட்டது.
"கௌரவ பிரதிநிதிக்கு இன்னும் இருபது வினாடி உண்டு"
என்றேன்.
உண்டுதான்.
ஒன்றைக்கூட நான் திருடவில்லை.

பொலிவியா, ஹஸ்மத், கிண்ணியா.
எழும்பிச் சொன்னான்:
எங்களுக்குக் கடல் இல்லை.
இருந்தது. சண்டையில் போனது.
நூற்றுநாற்பது வருசமாகியும்
கடற்படையைக் கலைக்கவில்லை நாங்கள்.
ஏரியில் பயிற்சி எடுக்கிறோம்.

சபை சிரித்தது.
அவன் சிரிக்கவில்லை.
பக்கத்தில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்த தினெத்
"சண்டையில் போனது" வரை வந்து
பேனையை மூடி, திறந்து,
மறுபடி மூடினான்.

அந்த நேரம் பார்த்து மான் வந்தது.
கோட்டைப்பக்கத்துப் புள்ளிமான், பக்கக் கதவால்,
நேரே போய்
கனடாவின் அட்டையைத் தின்னத் தொடங்கியது.
"ஒழுங்குப் பிரச்சினை!" என்று எழும்பியது கனடா.
ஏற்றுக்கொண்டேன்.
மான் ஏற்கவில்லை.

வாக்கெடுப்பு: பதினொன்றுக்குப் பதினொன்று.
சமம் என்றால் தோல்வி, பக்கம் ஒன்பது.
நல்லவேளை
என் வலக்கையில் கொட்டாப்புளி இருந்தது.
"வரைவு தோற்றது"
என்றேன், அம்மாவின் குரலில்.

வீட்டில் அப்பா கேட்டார்: நீ எந்த நாடு?
நாடில்லை அப்பா, தவிசாளர்.
யோசித்தார்.
"சம்பளம் உண்டோ?"

ஞாயிறு பின்னேரம் வாடியில் சங்கக் கூட்டம்.
பிளேன்ரீ கொண்டுபோனேன்.
அங்கேயும் இழுவைமடிதான்.
முப்பது பேர், ஒரே நேரத்தில்.
தலைவர் போனில்,
செயலாளர் தலைவரைப் பார்த்தபடி.
மூலையில், மிதவைக் குவியலுக்குப் பின்னால்
அப்பா கையை உயர்த்தி வைத்திருந்தார்.
எப்போதிருந்தோ தெரியாது.
நான் எண்ணத் தொடங்கி
ஒரு தொண்ணூறு போனது,
இன்னொன்றும் போனது.
முழங்கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டார்.
இறக்கவில்லை.

என் கையில் தட்டம், அதில் ஏழு கோப்பை.
மீன் வெட்டும் பலகையில்
ஒரேயொரு தரம் அறைந்தேன்.
தேத்தண்ணி தெறித்தது.
முப்பது முகமும் என் பக்கம்.

வாழ்க்கையில் முதல்தரம்
அந்தப் பெயரை அவர் முன்னால் சொன்னேன்:
"திரு. யோகேந்திரன்,
தொண்ணூறு வினாடி."